மணலுக்கு அடியில் ஒரு நீராட்டு நகரம்

இங்கிலாந்தில் பாத் என்றொரு ஊர். ஊரின் நட்டநடுவே பூமிக்குள்ளிருந்து 45 டிகிரிக்குக் குறையாத சூட்டில், நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல் வெந்நீர் பொங்கி வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் அந்த ஊற்றைச் சுற்றிக் கோயில் எழுப்பினார்கள், குளியல் மண்டபங்கள் கட்டினார்கள். 1987-இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2021-இல் ஐரோப்பாவின் பெரும் நீராட்டு நகரங்கள் பதினொன்றில் ஒன்றாக இரண்டாம் முறையும் பட்டியலில் சேர்த்தது. விழுப்புரம்–திருச்சி பாதையில், கடலூருக்கும் சேலத்துக்கும் தண்டவாளம் பிரிகிற விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குகிறவருக்கு இப்படி ஒரு சான்றிதழை யாரும் காட்டப்போவதில்லை. ஊரின் பெயரைச் சொன்னால் கோயிலை நினைப்பார்கள், இல்லையென்றால் பீங்கானை நினைப்பார்கள். ஆனால் நீராட்டு நகரம் என்பதற்குப் பாத் காட்டுகிற அடையாளங்களில் பெரும்பாலானவை விருத்தாசலத்தில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. பாத்திடம் இருந்து நம்மிடம் இல்லாததில் கவலைப்பட வேண்டியது ஒன்றுதான்: நிலத்தடி நீருக்குச் சட்டம் போட்ட காவல். ரோமானியச் சுவர் இல்லையே என்று நாம் ஏங்க வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் தொடங்கி நெய்வேலி, கடலூர் வழியாக அரிக்கமேடு வரை போகிற ஒரு பயணம் இந்த வாதத்துக்கு வேண்டிய சாட்சியங்களை வழியிலேயே வைத்திருக்கிறது.

கல்வராயன் மலையில் பிறக்கிற மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய்க் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. கரையில் பழமலைநாதர் கோயில். தேவார மூவரும் திருமுதுகுன்றம் என்று பாடிய தலம். 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி அதைக் கற்றளியாக்கினார். உள்ளே ஆழத்து விநாயகரைப் பார்க்கப் படி இறங்கித்தான் போக வேண்டும். பாத்திலும் ரோமானியக் குளத்தின் தளம் இன்றைய தெருவுக்குச் சில மீட்டர் கீழேதான் கிடக்கிறது. மணிமுத்தாற்றில் நீராடினால் காசியைவிட வீசம் புண்ணியம் கூடுதல் என்பது ஊரார் வழக்கு. ஆற்றில் விடும் அஸ்தி கல்லாகிவிடும் என்றும் சொல்வார்கள். மாசி மகத்தன்று தர்ப்பணத்துக்கும் நீராடலுக்கும் சுற்றுவட்டாரமே கரையில் திரளும். சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே இறைவன் கொடுத்த பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது வரலாறு. பாத் ஊற்றின் அடியிலிருந்து இதுவரை எடுத்த ரோமானிய நாணயங்களும் பன்னீராயிரத்துக்குச் சற்று மேல். இந்த எண் பொருத்தத்துக்குப் பொருள் ஒன்றும் கிடையாது, ரசிப்பதற்குத்தான். ஆனால் ஆற்றில் போட்டது வேறோர் ஊரின் குளத்தில் கிடைக்கும் என்று நம்பிய ஒரு சமூகம், நீருக்குத் தரைக்கு அடியிலும் ஒரு வழி உண்டு என்று எண்ணியிருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அந்த எண்ணம் பிறகு தேவைப்படும்.

பாத்தின் புதையல்களில் மிகவும் பேசப்படுவது நாணயம் அல்ல, ஈயத் தகடுகள். ஊற்றிலிருந்து ஏறக்குறைய 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ எல்லாமே சூலிஸ் மினர்வா என்ற தேவதைக்கு எழுதிய முறையீடுகள். பெரும்பாலும் திருட்டு வழக்குகள். குளிக்கப் போன இடத்தில் உடுப்பு போயிற்று, காசு போயிற்று, கையுறை போயிற்று. டோசிலியானஸ் என்ற ஒருவர் தன் முக்காட்டு அங்கியைத் தூக்கிப்போனவனைத் தண்டிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். திருடியவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, யாரானாலும் தப்பக் கூடாது என்கிற வாசகம் அந்தத் தகடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் போலவே இருக்கும். தகட்டைச் சுருட்டி ஊற்றில் போட்டுவிடுவார்கள். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வந்தால் இதையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் தேட வேண்டியதில்லை. உருவம் இல்லாமல் பீடமாக வழிபடப்படும் முருகன் அவர். காணாமல் போன நகை, திரும்பி வராத கடன், குடும்பச் சச்சரவு எதுவானாலும் வெள்ளைத் தாளில் மனுவாக எழுதி, சன்னதியில் வைத்து, முனியப்பர் முன்னுள்ள வேலில் பொட்டலமாகக் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் பிராது. மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்பது ஒழுங்கு. பாத்தின் அறிஞர்கள் தகட்டைப் படித்து அந்தக் காலத்து மனிதர்களின் கோபத்தை ஊகிக்கிறார்கள். இங்கே அந்தக் கோபம் நேற்று கட்டிய தாளிலேயே இருக்கிறது. அங்கே முறையீடு நீருக்குள் போகிறது, இங்கே வேலில் தொங்குகிறது. இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. நீர்த்தலத்துக்கு வருகிறவர் தன் வழக்கையும் கூடவே எடுத்துவருகிறார் என்கிற பழக்கம்தான் இரண்டு ஊர்களுக்கும் பொது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். பாத்துக்குப் போகிறவர் உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போகிறார், விருத்தாசலத்துக்கு வருகிறவர் புண்ணியம் தேடியும் பித்ரு கடன் தீர்க்கவும் வருகிறார், இரண்டையும் ஒரே வகையில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். மறுப்பில் பாதி நியாயம் உண்டு. அஸ்தியோடு வருகிறவருக்கும் மூட்டுவலியோடு போகிறவருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மருத்துவக் குளியல் நகரம் என்று நாம் இன்று நினைக்கிற பாத் 18-ஆம் நூற்றாண்டின் பணக்காரர்கள் உண்டாக்கியது. ரோமானிய பாத்தில் கோயிலும் குளமும் ஒரே வளாகம். பூசாரியும் நோயாளியும் ஒரே ஊற்றின் முன் நின்றவர்கள். ரோமானியர்கள் வருவதற்கு முன்பே சூலிஸ் அந்த ஊரின் தெய்வம். வந்தவர்கள் அவளோடு தங்கள் மினர்வாவைச் சேர்த்துப் பெயரிட்டுக்கொண்டார்கள். இரண்டாவது மறுப்பு, மணிமுத்தாற்று நீர் வெந்நீர் இல்லையே என்பது. தமிழர் வாழும் நிலத்தில் வெந்நீர் ஊற்று வேண்டுமென்றால் திருகோணமலைக் கன்னியாவுக்குப் போகலாம். சூடு தரையின் அமைப்பால் வருவது. அதை வைத்து ஊரின் தன்மையை அளந்தால், குளித்த மக்களைவிடப் பாறைக்குத்தான் மதிப்பெண் போகும்.

கோயிலிலிருந்து பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் நீராட்டு நகரத்தின் அடுத்த பாதி தெரியும். ரோமானியக் குளியலறை என்றால் நாம் பளிங்கை நினைக்கிறோம். உண்மையில் அது சுட்ட மண்ணின் வேலை. தரைக்கு அடியில் ஓடுகளை அடுக்கிய குட்டைத் தூண்கள், அவற்றுக்கிடையே அடுப்பின் அனல் ஓடும். சுவருக்குள் உள்கூடான பெட்டி ஓடுகள் வழியே அந்த அனல் மேலேறும். பாத்தின் பெருங்குளத்துக்கு மேலே போட்ட வளைவுக் கூரைக்கும் எடையைக் குறைப்பதற்காக உள்கூடான ஓடுகளையே வைத்தார்கள். நீர் கசியாமலிருக்கச் சுண்ணாம்புச் சாந்தில் ஓட்டுத் தூளைக் கலந்தார்கள். நம் கொத்தனார்கள் சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்ததும் இதே அறிவுதான். குயவர் இல்லாமல் ரோமானியக் குளியல் கிடையாது. விருத்தாசலத்தில் அந்தக் கைவேலை அகல் விளக்காகவும் பொம்மையாகவும் ஃபியூஸ் கேரியராகவும் ஜாடியாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் டிப்ளமோ நிறுவனமும் இங்கே இருக்கிறது. பொம்மை வார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தைக் குடிக்கக் குடிக்க, ஓரத்தில் ஒரு மெல்லிய தோல் கட்டும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே வெற்றான ஒரு யானையோ விநாயகரோ இருக்கும். பிசிறு சீவி, உலர்த்தி, ஒரு சூடு சுட்டு, கிளேஸ் தோய்த்து, மறுபடி சூளையில் ஏற்றுவார்கள். மண்ணுக்கு உருவம் கொடுத்தது அதிலிருந்து வெளியேறிய தண்ணீர்தான். ஊரின் தொழிலும் ஊரின் தீர்த்தமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று சுற்றுலாக் கையேடுகள் ஏன் நினைக்கின்றன என்று புரியவில்லை.

இரண்டுக்கும் உள்ள உண்மையான உறவு கடலூர் போகும் ரயிலில், நெய்வேலியில் தெரியும். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஊற்றுக்கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதுதான் நெய்வேலிக் கதையின் தொடக்கம். 1956-இல் நிலக்கரி நிறுவனம் அமைந்தது. ஆக முதலில் தேடியது தண்ணீர், கிடைத்தது பழுப்பு நிலக்கரி. இந்த மாவட்டத்தின் பெயராலேயே வழங்கும் கடலூர் மணற்பாறைப் படிவத்தில் களிமண் அடுக்கு, நிலக்கரி அடுக்கு, அதற்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரடுக்கு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சுரங்கத்துக்காக மேல்மண்ணை அகற்றும்போது கிடைக்கிற களிமண்ணைப் பீங்கான் தொழில் பயன்படுத்திக்கொள்கிறது. கீழே உள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் ஆழ்குழாய் வைத்து இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நீரடுக்குக்கு மழை இறங்குவது நெய்வேலிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் மணற்பாறை தரைக்கு மேலே தலைகாட்டுகிற பகுதியில். அதாவது விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில். மணிமுத்தாற்றில் நீர் ஓடாததற்கு நெய்வேலிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது மழையை நம்பிய ஆறு, மேலே அணையும் இருக்கிறது. ஆறு வேறு, ஆழத்து நீரடுக்கு வேறு. ஆனால் இரண்டுக்கும் வந்து சேர்வது இதே வட்டாரத்து மழைதான். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற பொறுப்பு எந்த ஒரு மேசைக்கும் இல்லை.

கடலூரைத் தாண்டினால் ரோமானியர்கள் வருகிறார்கள். கடலூரை ஒட்டிய காரைக்காட்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடிகளின் துண்டுகளும், உட்புறத்தில் உருள்கோலம் பதித்த மெல்லிய தட்டுகளின் துண்டுகளும் கிடைத்தன. இன்னும் வடக்கே, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் மார்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தார். இத்தாலியின் அரெசோ ஊரில் அச்சில் வார்த்து, செம்மெருகு ஏற்றி, தயாரித்தவர் முத்திரை குத்திய பாத்திரத் துண்டுகள் அவருக்குக் கிடைத்தன. விபியே, கமூரி, இட்டா என்ற முத்திரைகள். அந்தப் பாத்திரங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவாக்கில் வழக்கொழிந்துபோனவை என்று இத்தாலியில் முன்பே நிறுவியிருந்தார்கள். எனவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கு அந்தச் சில ஓட்டுத் துண்டுகளின் மேல்தான் முதலில் நின்றது. விருத்தாசலத்தில் ஃபியூஸ் கேரியரில் கம்பெனிப் பெயரைப் பதிக்கிறவர், தாம் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று அறிந்துகொள்ள அரிக்கமேட்டுக்கு ஒருமுறை போய்வரலாம்.

ஆனால் அரிக்கமேட்டில் ரோமைத் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். அங்கே தரைக்கு மேலே நிற்கிற செங்கல் சுவர் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டியது. மற்றபடி தோப்பும் ஆறும்தான். கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். செங்கல் தொட்டிகள் கிடைத்தன என்றதும் குளியல்தொட்டி என்று ஆசைப்பட வேண்டாம். அவை துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கானவை என்றுதான் வீலர் கருதினார். 1989-க்கும் 1992-க்கும் இடையே விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்தபோது ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெளிவாயிற்று. உருள்கோலத் தட்டுகளை ரோமானியர் கொண்டுவந்ததாக முன்பு எண்ணினார்கள். களிமண்ணைச் சோதித்த பிறகு அவை இந்தியாவிலேயே செய்தவை என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆக, தமிழ்க் கடற்கரையில் ஒரு ரோமானிய நகரம் இருந்தது என்பதைவிட, ரோமானியச் சரக்கு வாங்கிய ஒரு தமிழ்த் துறைமுகம் இருந்தது என்பதுதான் சரி. விருத்தாசலத்துக்கு ரோமானிய வேர் தேடுவதற்கு இதைவிடவும் குறைந்த ஆதாரமே உண்டு. எனவே 'தென்னாட்டு பாத்' என்று பலகை வைப்பது பொய்யாகவே முடியும். அப்படி யாராவது ஒரு விளம்பரம் தயாரித்தால் முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான்.

அப்படியானால் பாத்திடமிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பாத்தின் ரோமானியக் குளத்தில் இன்று யாரும் குளிப்பதில்லை. 1978-இல் அந்த நீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபா தொற்றால் இறந்த பிறகு அங்கே பொதுக் குளியல் நின்றது. புதிதாகத் துளையிட்டுச் சுத்தமான நீரை எடுத்து, 2006-இல்தான் வேறொரு கட்டடத்தில் குளியலைத் திறந்தார்கள். அந்த வகையில் விருத்தாசலம் ஒரு படி மேலே. இங்கே ஆற்றில் நீர் இருந்தால் மக்கள் இறங்கிக் குளிக்கிறார்கள். பாத் முந்தியிருப்பது வேறோர் இடத்தில். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊருக்குப் பக்கத்தில் பாத்ஈஸ்டனில் நிலக்கரி தேடிக் குழி இறக்கினார்கள். 1810-இல் ஊற்று தடுமாறியபோது ஊராரின் சந்தேகம் அந்தக் குழியின் மேல் விழுந்தது. ஆங்கில நிலவியலின் தந்தை என்று பின்னாளில் புகழ்பெற்ற வில்லியம் ஸ்மித்தைக் கூப்பிட்டுத்தான் ஊற்றைச் சரிசெய்தார்கள். நிலக்கரிக்கும் ஊற்றுக்கும் இடையே வழக்கு வரும் என்பதை அந்த ஊர் அன்றே தெரிந்துகொண்டது. ஊற்றுநீர் தொலைவிலுள்ள மெண்டிப் குன்றுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை என்பதும் பிறகு தெரிந்தது. 1982-இல் ஏவன் மாவட்டச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஊரிலும் சுற்றிலும் குறித்த ஆழத்துக்குக் கீழே யார் தோண்டுவதானாலும் முதலில் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆழ வரம்பு இடத்துக்கு இடம் மாறும். ஏவன் என்ற மாவட்டத்தையே 1996-இல் கலைத்துவிட்டார்கள், அந்தப் பிரிவு மட்டும் ஊற்றைக் காத்துக்கொண்டு நிற்கிறது.

இங்கேதான் வலுவான மறுப்பு எழும். நெய்வேலி மின்சாரம் கொடுக்கிறது, வேலை கொடுக்கிறது, பீங்கானுக்குக் களிமண்ணும் கொடுக்கிறது. ஒரு தீர்த்தத்துக்காக அதையெல்லாம் நிறுத்துவதா என்று கேட்பார்கள். நிறுத்தச் சொல்லவில்லை. பாத்தின் சட்டமும் தோண்டுவதைத் தடுக்கவில்லை, கேட்டுவிட்டுத் தோண்டச் சொல்கிறது. உரிமம் கேட்கிறவர் தன் பள்ளத்தின் ஆழத்தையும் இறைக்கப்போகும் நீரின் அளவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் படிக்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும். நம்மிடம் அந்த அலுவலர் இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சட்டம் தனி விவசாயியின் ஆழ்குழாய் வரைக்கும் கைநீட்டியது, எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை. ஒரு நீரடுக்கின் மழை இறங்கும் பகுதியை மட்டும் வரைபடத்தில் குறித்து, அங்கே பெரிய அளவில் தோண்டுகிறவர்களையும் இறைக்கிறவர்களையும் மட்டும் கேள்வி கேட்கிற சட்டம் வேறு வகை. அப்படி ஒரு பகுதிக்கென்று சட்டம் போட இந்த மாநிலத்துக்குத் தெரியாமலும் இல்லை. 2020-இல் காவிரிப் படுகைக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து வட்டாரங்கள் அதற்குள் வந்தன. விருத்தாசலம் வரவில்லை. அந்தச் சட்டத்தின் நோக்கம் வேளாண்மை, எல்லை டெல்டா. ஆகவே விட்டுப்போனதைக் குறை சொல்ல முடியாது. அதே முறையில் கடலூர் மணற்பாறையில் மழை இறங்கும் பரப்புக்கு ஒரு தனிப் பட்டியல் போடலாம். சுரங்கத்துக்காகத் துளையிட்டு எடுத்த அடுக்கு விவரங்கள் ஏற்கெனவே நிறுவனத்தின் கோப்புகளில் இருப்பதால் ஆய்வைப் புதிதாகத் தொடங்க வேண்டிய செலவும் குறைவு. அந்தக் கோப்புகளை நகராட்சி அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி வைப்பதும், மாதாமாதம் இறைத்த நீரின் அளவை அதன் பக்கத்தில் எழுதி ஒட்டுவதும் முதல் ஆண்டுக்குப் போதும்.